தீயில் போன பெயர்கள்: டப்ளினில் பூட்டனைத் தேடும் பேரன் பேத்திகள்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளின். நகரின் நடுவே ஓடுகிறது லிஃபி ஆறு. அதன் வடகரையில், பச்சை படிந்த செப்புக் குவிமாடத்தோடு நிற்கிறது ‘ஃபோர் கோர்ட்ஸ்’ கட்டடம். 200 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் இங்கேதான் இயங்குகின்றன. சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோர் எதிர்க்கரையில் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்து சொந்த வேர் தேடி வருகிறவர்களுக்கு மட்டும் இது வெறும் நீதிமன்றம் இல்லை. அவர்கள் கையில் பாதி எழுதிய வம்சாவளி இருக்கும். தாத்தாவின் அப்பா வரை பெயர் இருக்கும். அதற்கு மேலே கேள்விக்குறிதான். அந்த இடத்தில் வர வேண்டிய பெயர்கள் ஒரு காலத்தில் இந்த வளாகத்தில்தான் கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. 1922 ஜூன் 30-ல் அவை எரிந்துபோயின.

இத்தனை பேர் ஏன் தேடி வருகிறார்கள்? அதற்கும் சென்சஸ்தான் பதில் சொல்கிறது. 1841-ல் அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 81 லட்சத்து 75 ஆயிரம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 லட்சமாகக் குறைந்திருந்தது. பஞ்சம் முடிந்தும் கப்பல்கள் நிற்கவில்லை. 1911-ல் இருந்தவர்கள் வெறும் 44 லட்சம். போனவர்களின் பேரன் பேத்திகள்தான் இப்போது ஃபைலோடு திரும்பி வருகிறார்கள்.

எரிந்ததும் எரித்ததும்

1821-லிருந்து பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அயர்லாந்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். யார் குடும்பத் தலைவர், மனைவி மக்கள் யார் யார், யாருக்கு என்ன வயது, என்ன தொழில் என்றெல்லாம் எழுதி வாங்கினார்கள். 1867-ல் பொது ஆவண அலுவலகம் ஏற்பட்ட பிறகு, 1821, 1831, 1841, 1851 ஆண்டுகளின் ஏடுகள் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் கருவூலத்தில் பத்திரப்படுத்தப்பட்டன. கூடவே பழைய உயில்கள், தேவாலயப் பதிவேடுகள், நூற்றாண்டுக் கணக்கான அரசு ஆவணங்கள்.

1921 கடைசியில் பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை ஏற்றவர்களும் எதிர்த்தவர்களுமாக நாடு இரண்டாகப் பிரிந்தது. எதிர்த்தவர்கள் 1922 ஏப்ரலில் ஃபோர் கோர்ட்ஸைக் கைப்பற்றி உட்கார்ந்துகொண்டார்கள். ஜூன் 28-ல் புதிய அரசின் படை பீரங்கியால் சுடத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து வளாகத்தில் பெரும் வெடிப்பு. கருவூலம் தீக்கிரையானது. கருகிய காகிதத் துண்டுகள் நகரத்து வானமெங்கும் பறந்தன. தவறு யார் மீது என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் தீயின் மேல் போட முடியாது. 1861, 1871 ஏடுகளைக் கணக்குக் கூட்டி முடித்த கையோடு அரசே அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர்க் காலத்துக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. மொத்த எண்ணிக்கைதான் கையில் இருக்கிறதே, தனித்தனிப் பெயர்கள் எதற்கு என்று அன்று நினைத்திருக்கலாம்.

பழைய நான்கு கணக்கெடுப்புகளிலிருந்து தப்பியவை சில துண்டுகள். 1821-ல் கேவன், ஃபெர்மனா, கால்வே போன்ற மாவட்டங்களின் சில பகுதிகள். 1831-ல் லண்டன்டெரி. 1851-ல் ஆன்ட்ரிம் மாவட்டத்தின் ஒரு பகுதி. முழுதாக மிஞ்சிய பழைய சென்சஸ் என்றால் 1901-ம் 1911-ம் மட்டுமே.

பிஷப் தெருவில் ஒரு தாள்

அந்த இரண்டும் இப்போது இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம், ஃபோர் கோர்ட்ஸிலிருந்து ஆற்றைத் தாண்டித் தெற்கே நடந்துபோகும் தூரத்தில், பிஷப் தெருவில் இருக்கிறது. முன்பு ஜேக்கப்ஸ் பிஸ்கட் தொழிற்சாலை இருந்த இடம் அது. 1916 ஈஸ்டர் எழுச்சியில் போராளிகள் கைப்பற்றிய இடங்களில் அந்தத் தொழிற்சாலையும் ஒன்று.

1901, 1911 படிவங்களைப் பார்க்க டப்ளின் வரைகூடப் போக வேண்டியதில்லை. காப்பகம் எல்லாத் தாள்களையும் படமெடுத்து இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. பெயரையும் மாவட்டத்தையும் தட்டினால் போதும், அசல் தாளின் படமே போனில் வந்துவிடும்.

அந்தத் தாள் வெறும் கணக்கு இல்லை. 1911 ஏப்ரல் 2, ஞாயிறு இரவு அந்த வீட்டில் யார் யார் தூங்கினார்களோ, அவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நிரப்ப வேண்டியவர் குடும்பத் தலைவர். அதனால் பல தாள்களில் பூட்டனின் சொந்தக் கையெழுத்தையே பார்க்கலாம். எழுதத் தெரியாதவர் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும். அவருக்காகப் படிவத்தை எழுதியவர் கணக்கெடுக்க வந்த போலீஸ்காரர். ஐரிஷ் மொழிப் பற்றுள்ளவர்கள் சிலர் பிடிவாதமாகத் தங்கள் மொழியிலேயே நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் சிலர் கணக்கில் வரவே மறுத்திருக்கிறார்கள்.

பெயர், உறவு, மதம், படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த மாவட்டம், ஐரிஷ் பேசுவாரா என்று கட்டங்கள் நீள்கின்றன. உடற்குறையும் மனநலக் குறையும் கேட்கும் கட்டம்கூட உண்டு. அதிலுள்ள சொற்கள் இன்று படித்தால் சுருக்கென்று தைக்கும்.

இவற்றுக்கு நடுவே, கல்யாணமான பெண்களுக்கு 1911-ல் புதிதாகச் சேர்த்த மூன்று கட்டங்கள் இருக்கின்றன. திருமணமாகி எத்தனை ஆண்டு? உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை? இப்போது இருப்பவர்கள் எத்தனை? ‘9’ என்றும் அதற்குப் பக்கத்தில் ‘5’ என்றும் எழுதிய தாளைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை. குடும்பத்தில் யாரும் சொல்லாமலே விட்ட நான்கு குழந்தைகளின் கதை அந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கிறது. வேர் தேடுகிற பலருக்கு அவர்கள் இருந்தார்கள் என்பதே இந்தத் தாளில்தான் முதன்முதலாகத் தெரியவரும்.

கூடவே வீட்டுக்கென்று தனிப் படிவம். சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, வீட்டை நான்கு தரங்களில் ஒன்றில் சேர்த்தார்கள். மாட்டுக்கொட்டகை, பன்றிப்பட்டி, கோழிக்கூடு ஆகியவற்றுக்கு இன்னொரு படிவம். பூட்டன் படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர் வீட்டு முகப்பை மனதில் வரைந்துகொள்ளலாம்.

ஹென்ரியேட்டா தெரு, எண் 14

தாளில் படித்ததை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஆற்றின் வடக்கே ஹென்ரியேட்டா தெருவுக்குப் போக வேண்டும். 1720-களிலிருந்து பிரபுக்கள் குடியிருக்கக் கட்டிய உயரமான செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1801-ல் அயர்லாந்தின் நாடாளுமன்றம் லண்டனோடு இணைக்கப்பட்டதும் பிரபுக்களுக்கு டப்ளினில் வேலை இல்லாமல் போனது. ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். காலப்போக்கில் அந்த மாளிகைகளின் கூடங்களைப் பலகைத் தடுப்பால் பிரித்து, ஒண்டுக் குடித்தனங்களாக வாடகைக்கு விட்டார்கள்.

14-ஆம் எண் வீட்டில் 1911 சென்சஸ்படி குடியிருந்தவர்கள் 100 பேர். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய வீடு அது. அந்தச் சின்னத் தெரு முழுவதுமாகச் சேர்த்து 850 பேருக்கு மேல் இருந்திருக்கிறார்கள். 1970-களின் இறுதி வரை அந்த வீட்டில் குடித்தனம் இருந்தது. 2018-ல் அதை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வழிகாட்டியோடு மாடி மாடியாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். மேல்தளத்தில் பிரபு வீட்டுச் சித்திர வேலைப்பாடு, அதே வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்களின் இருட்டறைகள். ‘ஒரே அறை, ஏழு பேர்’ என்று படிவத்தில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த அறையின் அளவு அங்கே புரிந்துவிடும்.

ஐந்து ஷில்லிங் காப்பாற்றிய குடும்பங்கள்

1901-ஐயும் 1911-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. முன்னதில் 56 வயது என்று எழுதிய பாட்டி, பத்தே ஆண்டில் 71 வயது ஆகியிருப்பார். ஒருவர் இருவர் இல்லை, ஊருக்கு ஊர் இப்படித்தான்.

காரணம் முதியோர் பென்ஷன். 1908-ல் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1 முதல் 70 வயது ஆனவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. வாழ்நாளெல்லாம் கூலி வேலை பார்த்தவர்களுக்கு அது பெரிய தொகை. ஆனால் வயதை எப்படி நிரூபிப்பது? அயர்லாந்தில் எல்லோருக்கும் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களிடம் சான்றிதழ் ஏது?

நம்மூரில் ‘தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்’ என்று வயது சொல்வதைப் போல, அங்கே ‘பெருங்காற்று இரவு’ ஒன்று உண்டு. 1839 ஜனவரி 6 இரவு வீசிய புயல் நாடு முழுக்கக் கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அந்த இரவு நினைவிருக்கிறது என்று சொன்னால் 70 தாண்டியவர் என்று அர்த்தம். பென்ஷன் வந்ததும் அந்தப் புயலை நினைவில் வைத்திருந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடிவிட்டது என்று இன்றும் கேலி பேசுவார்கள்.

அதைவிட உறுதியான சாட்சி 1841, 1851 சென்சஸ் ஏடுகள். விண்ணப்பதாரர் தன் அப்பா அம்மா பெயரையும் அந்தக் காலத்தில் குடியிருந்த ஊரையும் எழுதிக் கொடுப்பார். ஃபோர் கோர்ட்ஸ் ஊழியர்கள் ஏட்டைப் புரட்டிப் பார்த்து, அந்த வீட்டில் இன்ன வயதில் இன்ன குழந்தை இருந்தது என்று தேடல் படிவத்தில் குறிப்பார்கள். பல படிவங்களில் பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்று மொத்தக் குடும்பமும் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் ‘கிடைக்கவில்லை’ என்ற பதில் மட்டும்.

பிறகு 1922-ல் ஏடுகள் எரிந்தன. தேடல் படிவங்கள் தப்பிவிட்டன. இன்று ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, பஞ்சத்துக்கு முந்தைய தலைமுறையின் பெயர்கள் கிடைப்பது அந்தப் படிவங்களில்தான். வயிற்றுப்பாட்டுக்காக விண்ணப்பம் போட்ட ஒரு பாட்டி, தனக்குத் தெரியாமலே தன் தாய் தகப்பன் பெயரைத் தீயிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டார். 70 வயது வரை இருக்கக் கொடுத்துவைக்காதவர்களின் குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லை.

கோவ் துறைமுகத்துச் சிலை

கப்பலேறிப் போனவர்களின் தடம் பார்க்கத் தெற்கே கோவ் ஊருக்குப் போக வேண்டும். டப்ளினிலிருந்து கார்க் நகருக்கு ரயில், அங்கிருந்து கடலோரமாகப் போகும் சின்ன ரயில். பழைய பெயர் குயின்ஸ்டவுன். டைட்டானிக் கடைசியாக நின்று புறப்பட்ட துறைமுகம் இதுதான். 1848-க்கும் 1950-க்கும் இடையில் சுமார் 25 லட்சம் பேர் இங்கிருந்து நாட்டை விட்டுப் போனார்கள்.

கரையில் ஒரு பெண்ணும் இரண்டு தம்பிகளும் நிற்கும் சிலை இருக்கிறது. பெண்ணின் பெயர் ஆனி மூர். 1892 ஜனவரி 1-ல் நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது முதல் ஆளாகப் பதிவு செய்யப்பட்டவர். அதிகாரிகள் அவருக்கு 10 டாலர் தங்கக் காசு பரிசளித்தார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனார்? டெக்சாஸ் பக்கம் போய், விபத்தில் இறந்துவிட்டார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள்.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் பழைய சென்சஸைப் புரட்டியபோது, டெக்சாஸ் ஆனி மூரின் பிறந்த இடம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் என்று இருந்தது. அங்கேயே பிறந்தவர் எப்படிக் கப்பலில் வந்திருக்க முடியும்? மேலும் தேடியதில், 2006-ல் உண்மையான ஆனி கிடைத்தார். அவர் டெக்சாஸ் பக்கமே போகவில்லை. நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பிலேயே வாழ்ந்து, பெற்ற பிள்ளைகளில் பலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, 1924-ல் இறந்திருந்தார். பெயர்கூடப் பொறிக்காத அவர் கல்லறைக்கு 2008-ல்தான் கல் வைத்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தால் ஆள் ஒன்றாகிவிடாது என்பதற்கு வம்சாவளி தேடுகிறவர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் இது.

சாம்பலிலிருந்து மீண்டவை

தீ விபத்தின் நூறாவது ஆண்டான 2022 ஜூனில், எரிந்த கருவூலத்துக்கு இணையத்தில் மறுபிறவி கொடுத்தார்கள். டப்ளினின் டிரினிட்டி கல்லூரி முன்னின்று, பல நாட்டு ஆவணக் காப்பகங்கள் கைகொடுத்த திட்டம். கருவூலத்தில் என்னென்ன இருந்தன என்ற பட்டியலை, ஹெர்பர்ட் வுட் என்ற அதிகாரி 1919-லேயே புத்தகமாக அச்சிட்டிருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நகலும் குறிப்பும் உலகில் வேறு எங்காவது இருக்கிறதா என்று தேடிச் சேர்க்கிறார்கள். கட்டடத்தையும் முப்பரிமாணத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். எல்லாம் இலவசம்.

சுதந்திர அயர்லாந்தின் முதல் சென்சஸ் எடுக்கப்பட்டது 1926 ஏப்ரல் 18-ல். நூறு ஆண்டு கழித்தே பெயர்களைத் திறக்கலாம் என்பது விதி. 2026 ஏப்ரலில் அந்தக் கெடு முடிகிறது. 1911-ல் கைக்குழந்தையாக இருந்தவர்களை அதில் 15 வயதுப் பிள்ளைகளாகப் பார்க்கலாம்.

தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* நாடு, மாவட்டம் போதாது; ‘டவுன்லேண்ட்’ எனப்படும் குக்கிராமத்தின் பெயர் வேண்டும். அயர்லாந்தில் 60,000-க்கு மேல் டவுன்லேண்டுகள் உண்டு. கப்பல் பதிவேடு, கல்லறைக் கல், பழைய கடித உறை ஆகியவற்றில் அந்தப் பெயர் கிடைக்கலாம்.

* எழுத்துக்கூட்டலை நம்பக் கூடாது. ஒரே குடும்பம் ஓரிடத்தில் ‘ஓ’பிரையன்’, இன்னோரிடத்தில் வெறும் ‘பிரையன்’. வயதையும் அப்படித்தான். காரணம் மேலே பார்த்த பென்ஷன்.

* முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது அங்கேயும் வழக்கம். நாம் பேரனைப் ‘பெயரன்’ என்கிற அதே காரணம்தான். அதனால் ஒரே ஊரில், ஒரே பெயரில் நான்கு பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் இருப்பார்கள். மனைவி, பிள்ளைகள் பெயரும் பொருந்தினால்தான் ஆள் சரி.

* 1901-க்கு முன்னால் போக நினைப்பவர்களுக்கு ‘கிரிஃபித் மதிப்பீடு’ உதவும். 1847-க்கும் 1864-க்கும் இடையில் வரி போடுவதற்காக நிலத்தையும் வீட்டையும் அளந்து, குடியிருந்தவர் பெயரோடு அச்சிட்ட பட்டியல் அது. கத்தோலிக்கத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

* இந்தியாவில் இந்த வழி இல்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்சஸ் படிவங்களை யாரும் பார்க்க முடியாது. கடல் கடந்து மொரிஷியஸ் போன தமிழர்களின் வாரிசுகளுக்கு மட்டும் வேறொரு வாசல் உண்டு. அங்கே மோகா ஊரிலுள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில், கப்பலில் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், வயது, ஊர், வந்த கப்பல் என்று எழுதியிருக்கும். சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு.

எல்லாம் சரியாகப் பொருந்தி, டவுன்லேண்டின் பெயரும் கிடைத்துவிட்டால், கடைசிப் பயணம் அந்த ஊருக்குத்தான். கிரிஃபித் வரைபடத்தில் ஒவ்வொரு மனைக்கும் எண் உண்டு. அதை இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எந்த வயல் என்று தெரிந்துவிடும். அங்கே பெரும்பாலும் வீடு இருக்காது. மேடுபள்ளமான புல்தரையில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கல் சுவர் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். பக்கத்து வயல்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், அந்த வயலை அவர் இன்னமும் பழைய குடும்பத்தின் பெயராலேயே சொல்லக்கூடும். அங்கே இப்போது யாரும் இல்லாவிட்டாலும் சரி.